ஒரே அறையை இருமுறை காலி செய்யலாமா?

சி, சி பிளஸ் பிளஸ் ஆகிய மொழிகளில் நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு ஓர் அறிவுரை தவறாமல் வழங்கப்படுகிறது. 'நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்தவுடன் அதன் சுட்டியில் சுழியை வைத்துவிடு. பிறகு மறதியாக இன்னொரு முறை திருப்பிக் கொடுத்தாலும் தீங்கு நேராது' என்பதே அது. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது, பாதுகாப்பாகவும் தோன்றுகிறது. ஆனால் இதை மருந்து என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இது வலியை மறைக்கும் மாத்திரை. நோய் அப்படியே உள்ளே இருக்கிறது.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? முதலில் நோய் இன்னதென்று பார்த்துவிடுவோம்.

ஒரு பெரிய சத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு அறைகள். முகப்பில் ஒரு கணக்கர். அவரிடம் காலி அறைகளின் பட்டியல் இருக்கிறது. ஒரு குடும்பம் வந்து அறை கேட்டால், பட்டியலின் தலைப்பில் உள்ள எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, பட்டியலில் அதை அடித்துவிடுகிறார். குடும்பம் கிளம்பும்போது 'பதினான்காம் அறை காலி' என்று சொல்லிவிட்டுப் போகிறது. உடனே 14 என்ற எண்ணைப் பட்டியலின் தலைப்பில் எழுதிக்கொள்கிறார். கணக்கர் மிகவும் வேகமானவர். ஆனால் எழுந்துபோய் அறையைப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. சொன்னவர் யார் என்றும் கேட்கமாட்டார்.

கணிப்பொறியின் நினைவகத்தில் 'ஹீப்' எனப்படும் குவியல் பகுதி இத்தகைய சத்திரம்தான். எவ்வளவு இடம் தேவை என்பது சில நேரம் நிரல் ஓடும்போதுதான் தெரியவரும். அப்போது குவியலில் இருந்து இடம் கேட்டுப் பெறுகிறோம். சி மொழியில் 'மாலாக்' என்று கேட்க வேண்டும். சி பிளஸ் பிளஸ் மொழியில் 'நியூ' என்று கேட்கலாம். கையில் கிடைப்பது இடம் அன்று, இடத்தின் முகவரி. அந்த முகவரியை வைத்திருக்கும் மாறியைத்தான் சுட்டி என்கிறோம். வேலை முடிந்ததும், 'மாலாக்' கொடுத்ததை 'ஃப்ரீ' என்றும், 'நியூ' கொடுத்ததை 'டெலிட்' என்றும் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறோம்.

ஆக, சுட்டி என்பது அறையன்று. அறை எண் எழுதிய துண்டுச் சீட்டு. சீட்டை எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனால் சத்திரத்தில் ஓர் அறைகூடக் கூடுதலாக முளைக்கப் போவதில்லை.

இப்போது அண்ணன் கையில் ஒரு சீட்டு, தம்பி கையில் அதன் நகல். அண்ணன் கணக்கரிடம் 'பதினான்கு காலி' என்கிறான். சற்று நேரம் கழித்து, அண்ணன் சொன்னது தெரியாத தம்பியும் வந்து 'பதினான்கு காலி' என்கிறான். என்ன நடக்கும்?

இரண்டு சொற்களுக்கும் இடையில் வேறு யாரும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கணக்கரின் பட்டியலில் 14 என்ற எண் இரண்டு முறை ஏறிவிடுகிறது. அடுத்து வரும் குடும்பத்துக்குப் பதினான்காம் அறை. அதற்கடுத்து வரும் குடும்பத்துக்கும் பதினான்காம் அறை! இரண்டு குடும்பங்களும் தத்தம் பெட்டிகளை அங்கே இறக்குகின்றன. ஒருவர் வைத்ததை மற்றவர் நகர்த்துகிறார். இரு தரப்பிலும் குற்றம் இல்லை. இருவருக்கும் முறைப்படி சீட்டு கொடுக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. அண்ணன் சொன்ன பிறகு, தம்பி வருவதற்கு முன்பே, புதிய குடும்பம் ஒன்று பதினான்கில் குடியேறிவிட்டது. அப்போது தம்பி வந்து 'காலி' என்றால், அந்தக் குடும்பம் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும்போதே அறை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிடும்.

இதுதான் நிரல் எழுதுவோர் 'டபுள் ஃப்ரீ' என்று சொல்லும் இரட்டை விடுவிப்பு. மென்பொருள் குறைபாடுகளை வகைப்படுத்தி எண் கொடுக்கும் உலகப் பட்டியல் ஒன்றில் இதன் எண் 415. இந்தப் பிழை செய்த வரியிலேயே நிரல் விழுந்துவிட்டால் நமக்கு நல்லது. பெரும்பாலும் அப்படி விழுவதில்லை. முறைப்படி சீட்டு வாங்கி வந்த யாரோ இருவர், வெகுதொலைவில், வெகுநேரம் கழித்து மோதிக்கொள்கிறார்கள். பிழை தேடுபவர் மோதிய இடத்தில் விளக்கைப் பிடித்துத் தேடிக்கொண்டிருப்பார். தவறு செய்த அண்ணன் தம்பிகளோ ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

'கணக்கரே கொஞ்சம் கவனமாக இருந்தால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. லினக்ஸ் கணிப்பொறிகளில் பரவலாக உள்ள ஜிலிப்சி என்ற நூலகத்தில் இப்படிப்பட்ட கணக்கர் ஒருவர் இருக்கிறார். 2017-ல் வெளிவந்த 2.26 பதிப்பில், வேகத்துக்காக அவர் மேசைமேலேயே ஒரு சிறு பட்டியல் வைக்கப்பட்டது. வேகம் கூடியது, ஆனால் அந்தச் சிறு பட்டியலில் ஒரே எண் இருமுறை ஏறுகிறதா என்ற சோதனை இல்லாமல் போயிற்று. 2019-ல் வந்த 2.29 பதிப்பில்தான் அந்தச் சோதனை சேர்க்கப்பட்டது. இப்போது அடுத்தடுத்து இருமுறை விடுவித்தால் அவர் கண்டுபிடித்து, நிரலையே நிறுத்திவிடுவார். ஆனால் இரண்டாவது வகையை எண்ணிப் பாருங்கள். புதுக் குடும்பம் குடியேறியபின் தம்பி வந்து சொல்லும்போது, கணக்கரின் ஏட்டில் 14 'ஆள் உள்ள அறை' என்றே இருக்கிறது. ஆள் உள்ள அறையைக் காலி செய்வதாக ஒருவர் வந்து சொல்வதில் ஐயப்பட என்ன இருக்கிறது? எத்தனை கவனமான கணக்கரும் அங்கே ஏமாறத்தான் செய்வார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2019-ஆம் ஆண்டில் ஆண்ட்ராய்டு கைபேசிகளின் வாட்ஸ்அப்பில் நடந்ததைக் கேளுங்கள்.

ஜிஃப் என்னும் அசையும் படக் கோப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பல சட்டங்கள் அதில் இருக்கும். அவற்றை விரித்துக் காட்ட வாட்ஸ்அப் ஒரு திறந்தமூல நூலகத்தைப் பயன்படுத்தியது. அந்த நூலகம் படப் புள்ளிகளுக்காகக் குவியலில் ஓர் இடம் வாங்கி வைத்திருக்கும். அடுத்த சட்டம் வேறு அளவில் இருந்தால், 'இந்த இடத்தின் அளவை மாற்றிக் கொடு' என்று கேட்கும். அளவு மாற்றும் செயற்கூற்றுக்கு ஒரு விசித்திர வழக்கம் உண்டு. புதிய அளவு சுழி என்று கேட்டால், இருக்கும் இடத்தை அது விடுவித்துவிட்டு, 'கொடுக்க ஒன்றும் இல்லை' என்று சுழியைத் திருப்பித் தரும். நூலகத்தை எழுதியவரோ, சுழி வந்தால் 'நினைவகம் போதவில்லை' என்று பொருள் கொண்டார். இடம் கிடைக்கவில்லை என்றால் பழைய இடம் பழையபடி இருக்கும் அல்லவா? ஆகவே பழைய சீட்டை அப்படியே கையில் வைத்துக்கொண்டார்.

வஞ்சகமாகத் தயாரித்த ஒரு படத்தில், முதல் சட்டத்துக்கு 100 பைட், இரண்டாவதற்கு 0, மூன்றாவதற்கு 0 என்று அளவு குறிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது சட்டத்தில் இடம் விடுவிக்கப்பட்டது. மூன்றாவதில் அதே இடம் மீண்டும் விடுவிக்கப்பட்டது. இந்த நிரலில் 'ஃப்ரீ' என்ற சொல்லை யாரும் இரண்டு முறை எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். விடுவித்தல் மாறுவேடத்தில் வந்தது.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். அடுத்துக் கேட்ட இருவருக்கு ஒரே இடம் கிடைத்தது. ஒருவர், படத்தைப் பற்றிய குறிப்புகளை வைக்கும் ஏடு. அதில், அடுத்து எந்தச் செயற்கூற்றை அழைக்க வேண்டும் என்ற முகவரியும் இருந்தது. இன்னொருவர், படப் புள்ளிகள். புள்ளிகள் என்ற பெயரில் தாக்குபவர் அனுப்பிய பைட்டுகள் அந்த முகவரியின்மேல் எழுதப்பட்டன. கைபேசி, படம் அனுப்பியவர் சொன்ன இடத்துக்குப் போய் வேலை செய்யத் தொடங்கியது! ஆண்ட்ராய்டு 8.1, 9 ஆகிய பதிப்புகளில் இது செல்லுபடியாயிற்று. பயனர் எந்தச் சந்தேகத்துக்குரிய பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. யாருக்காவது படம் அனுப்பலாம் என்று வாட்ஸ்அப்பின் படத்தொகுப்பைத் திறந்தாலே போதும்; முன்னோட்டம் காட்டுவதற்காக அந்தக் கோப்பு விரிக்கப்பட்டுவிடும். 2.19.244 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது.

இதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே இதே பாடம் ஒருமுறை நடத்தப்பட்டிருந்தது. தகவலைச் சுருக்கி விரிக்கும் ஸெட்லிப் என்ற நூலகம் எண்ணற்ற மென்பொருள்களுக்குள் ஒட்டியிருப்பது. பழுதான தகவல் வந்தால், அதன் பிழை கவனிக்கும் பகுதி ஓர் இடத்தை விடுவித்தது. பின்னர் வேலையை முடித்து ஏறக்கட்டும் பகுதி அதே இடத்தை மறுபடி விடுவித்தது. 2002 மார்ச்சில் 1.1.4 பதிப்பை வெளியிட்டுத் திருத்தினார்கள். நல்ல தகவல் வரும் வரையில் அந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது. இரட்டை விடுவிப்பு இப்படிப்பட்ட சந்துகளில்தான் குடியிருக்கும். நாம் நிரலைச் சோதிக்கும்போது ராஜபாட்டையில் நடந்து பார்க்கிறோம், சந்துக்குள் நுழைவதில்லை.

சரி, 'சுட்டியில் சுழியை வை' என்ற அறிவுரைக்கு வருவோம். அதற்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுகிறேன். சுழியை விடுவித்தால் ஒன்றும் நடக்காது என்று சி, சி பிளஸ் பிளஸ் இரண்டின் தர வரையறைகளும் உறுதி அளிக்கின்றன. ஒரே மாறி, ஒரே நிரல், நீண்ட காலம் உயிரோடு இருக்கிறது என்றால் இந்தப் பழக்கம் உதவும். வாட்ஸ்அப் கதையில்கூட, அந்தப் பழைய சீட்டு கிழிக்கப்பட்டிருந்தால் தீங்கு நேர்ந்திராது.

ஆனால் அண்ணன் தன் சீட்டைக் கிழித்துப் போட்டால் தம்பியின் கையில் உள்ள நகல் என்னவாகும்? ஒன்றும் ஆகாது. அதில் 14 என்ற எண் பளிச்சென்று அப்படியே இருக்கும். இரட்டை விடுவிப்புகளில் தொல்லை தருபவை நகல்களால் வருபவைதான். ஒரு செயற்கூற்றுக்குச் சுட்டியை அனுப்பினால் அங்கே ஒரு நகல். ஒரு பட்டியலில் சேர்த்தால் அங்கே ஒரு நகல். எல்லா நகல்களையும் தேடிப்பிடித்துச் சுழி வைக்க எவராலும் முடியாது. முடிந்தால் பிழையே வந்திராதே!

இன்னொரு குறையை நான் இதைவிடப் பெரிதாகக் கருதுகிறேன். ஒரு நிரல் ஒரே இடத்தை இருமுறை விடுவிக்க முயல்கிறது என்றால், அதை எழுதியவருக்கு அந்த இடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பது தெரியவில்லை என்று பொருள். சுழி வைக்கும் பழக்கம் அந்த அறியாமையைத் திருத்துவதில்லை. வெளியே தெரியாமல் செய்கிறது. இருமுறை விடுவிக்கப் போய்ச் சுழியால் தப்பித்த அதே நிரல், நாளை விடுவித்த இடத்தில் எழுதப் போகும். அல்லது விடுவிக்கவே மறந்து சத்திரத்தை நிரப்பிவிடும். மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை.

ஆகவே மாணவர்களுக்கு 'டெலிட்' என்ற சொல்லைக் கற்பிப்பதற்கு முன்பே 'இது யாருடையது?' என்ற கேள்வியைக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வோர் இடத்துக்கும் எந்த நேரத்திலும் ஒரே ஓர் உடைமையாளர். அவர் மட்டுமே விடுவிக்கலாம். மற்றவர் கையில் இருப்பவை பார்வையாளர் சீட்டுகள். உள்ளே போய்ப் பார்க்கலாம், காலி செய்யக்கூடாது. உடைமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். கொடுத்தபின் நமக்கு உரிமை இல்லை.

சி மொழியில் இதை எழுதிக் காட்ட வழியே இல்லை என்பதுதான் துன்பம். ஒரு செயற்கூறு சுட்டியைப் பெற்றுக்கொள்கிறது என்றால், அது வேலை முடிந்தபின் விடுவித்துவிடுமா, நம்மிடமே விட்டுவிடுமா? தலைப்பு வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மொழியைக் குறை சொல்வதும் பொருந்தாது. டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வுக்கூடத்தில் 1970-களின் தொடக்கத்தில் அதை உருவாக்கினார். அங்கே யூனிக்ஸ் முதலில் ஓடிய பிடிபி-11 பொறியின் மொத்த நினைவகம் 24 கிலோபைட். இன்று உங்கள் கைபேசியில் ஒரு சிறு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. ஒவ்வொரு பைட்டும் பொன்னாக இருந்த இடத்தில், கணக்கருக்கு உதவியாளர் வைக்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

சி பிளஸ் பிளஸ் மொழியில் வேறொரு பொறி காத்திருக்கிறது. 2018-ல் வந்த தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் பாடநூலில் இந்த மொழி இடம்பெற்றது. ஆகவே உங்களுள் சிலர் இதை நேரிலேயே சந்தித்திருக்கலாம். ஓர் இனக்குழுவை எழுதுகிறீர்கள். அதற்குள் ஒரு சுட்டி. ஆக்கியில் 'நியூ', அழிப்பியில் 'டெலிட்'. மிக ஒழுங்கான வேலை! பிறகு அந்த வகைப் பொருள் ஒன்றை இன்னொன்றில் நகல் எடுக்கிறீர்கள். நகலை எப்படி எடுப்பது என்று நீங்கள் சொல்லாவிட்டால், மொழி தானாகவே உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எழுதிக்கொள்ளும். சீட்டைப் பெயர்த்தெழுதும், அறையை அன்று. இரண்டு பொருள்களும் ஆயுள் முடியும்போது ஒவ்வொன்றின் அழிப்பியும் கடமை தவறாமல் 'டெலிட்' செய்யும். ஒழுங்காக எழுதியதே வினையாகிறது. சுழி வைப்பது இங்கே சிறிதும் உதவாது. அழிப்பி தன் சுட்டியில் சுழி வைத்தால் மற்றப் பொருளின் சுட்டிக்கு அது எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு கௌரவமான தீர்வு 2011-ல் வெளிவந்த சி பிளஸ் பிளஸ் தர வரையறையில் சேர்ந்தது. 'யுனீக் பாயிண்டர்' என்ற தனியுடைமைச் சுட்டி அது. அதைத் துண்டுச் சீட்டு என்று சொல்லாதீர்கள். சாவி என்று சொல்லுங்கள். ஓர் அறைக்கு ஒரே சாவி. நகல் எடுக்க இயலாது, கைமாற்றித் தரலாம். சாவி வைத்திருப்பவரின் ஆயுள் முடியும்போது அறை தானே காலியாகிவிடும்; நீங்கள் 'டெலிட்' என்று எழுதவே வேண்டாம். பலர் உண்மையாகவே பகிர்ந்துகொள்ள வேண்டிய இடத்துக்கு 'ஷேர்டு பாயிண்டர்' உண்டு. உள்ளே எத்தனை பேர் என்று வாசலில் எண்ணிக்கை வைத்திருப்பார்கள். கடைசி ஆள் வெளியேறும்போதுதான் அறை காலியாகும். இரண்டு அறைக்காரர்கள் ஒருவர் அறையில் மற்றவர் உட்கார்ந்துகொண்டு, 'நீ வெளியேறு, பிறகு நான்' என்று இருந்துவிட்டால் இரண்டு அறையும் என்றைக்கும் காலியாகாது. அந்தக் குறை அதற்கு உண்டு.

2015-ல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழி இன்னும் கண்டிப்பானது. அங்கே உடைமை என்பது பழக்கம் அன்று, இலக்கண விதி. ஒப்படைத்துவிட்ட பொருளை மீண்டும் தொட்டால், கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி நிரலை ஏற்கவே மறுக்கிறது. நிரல் ஓடி, யார் கைபேசியிலோ விழுந்து, பிறகு தெரியவரும் பிழை, எழுதும் மேசையிலேயே பிடிபட்டுவிடுகிறது. 'பாதுகாப்பற்றது' என்று எழுதியவரே முத்திரை குத்திய பகுதிகளில் மட்டும் இந்தக் காவல் தளரும்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. முன்னும் பின்னும் இணைத்த பட்டியலைச் சி மொழியில் ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடலாம். ரஸ்டில் அதையே எழுத முயன்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், ஏனெனில் ஒவ்வொரு கண்ணியையும் இரு பக்கமும் சுட்டுகின்றன. உடைமையாளர் யார் என்ற கேள்விக்கு அங்கே எளிதில் விடை கிடைக்காது. இந்தத் தொல்லைக்காக அம்மொழியைத் திட்டுபவர்களும் உண்டு. விடையில்லாத கேள்வி சி நிரலிலும் அதே இடத்தில்தான் இருந்தது. அங்கே யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

விலை கொடுப்பது தகுமா என்பதற்கு இரண்டு எண்களைச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகத் தவறுகளால் வந்தவை என்று 2019-ல் அதன் பொறியாளர்கள் தெரிவித்தார்கள். இரட்டை விடுவிப்பு அவற்றுள் ஒரு வகை மட்டுமே. ஆனால் குடும்பம் ஒன்றுதான். மறுபுறம், கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டில் புதிதாக எழுதும் பகுதிகளை நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளில் எழுதத் தொடங்கியபின், அத்தகைய குறைகளின் பங்கு 2019-ல் 76 விழுக்காடாக இருந்தது 2024-ல் 24 விழுக்காடாக இறங்கியதாக அறிவித்தது. பழைய நிரல்களை அவர்கள் அடியோடு மாற்றி எழுதிவிடவில்லை என்பது இதில் நான் வியக்கும் செய்தி.

'நாங்கள் பைத்தான் படிக்கிறோம். அதில் இந்தத் தொல்லையே இல்லையே' என்று உங்களில் ஒருவர் சொல்வது காதில் விழுகிறது. உண்மைதான். ஆனால் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தானே சி மொழியில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பொருளின் தலையிலும் 'என்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள்' என்ற எண்ணிக்கை இருக்கும். பைத்தானுக்குச் சி மொழியில் துணை நூலகம் எழுதுபவர் அந்த எண்ணிக்கையை ஒருமுறை கூடுதலாகக் குறைத்துவிட்டால் போதும். ஒருவர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பொருள் விடுவிக்கப்பட்டுவிடும். சத்திரம் மறைந்துவிடவில்லை. நம் சார்பில் வேறொருவர் கணக்கரிடம் பேசுகிறார்.

இதை நம்புவதற்கு என் சொல் தேவையில்லை. லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தால் செய்து பாருங்கள். ஒரு சுட்டி உள்ள சிறிய இனக்குழு ஒன்றை எழுதி, ஆக்கியில் 'நியூ', அழிப்பியில் 'டெலிட்', அதன்பின் சுட்டிக்குச் சுழி என்று வையுங்கள். ஒரு பொருளை உருவாக்கி, அதை இன்னொன்றில் நகல் எடுத்துவிட்டு நிரலை முடியுங்கள். நீங்கள் சுழி வைத்தும்கூட, இரட்டை விடுவிப்பு என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டு நிரல் பாதியில் நிற்பதைக் காண்பீர்கள். அடுத்து, சுட்டியைத் தனியுடைமைச் சுட்டியாக மாற்றி, 'டெலிட்' வரியையும் சுழி வரியையும் நீக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள். இம்முறை நிரல் ஓடவே ஓடாது. நகல் எடுத்த அந்த வரியைக் காட்டி நிரல்பெயர்ப்பி மறுத்துவிடும்.